மூன்று சக்கர வண்டியின் பின்பகுதியை உயர்த்த அதிகச் செலவு தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டிகள் பெங்களூரின் வேகத்தடைகளில் அடிப்பகுதி தட்டிச் சேதமடைவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வந்த கடிதங்களைப் படித்தேன். அவற்றுள் ஒன்று, வண்டியின் பின்பகுதியை உயர்த்திவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்று தொடங்கி, அதற்கு வெளிநாட்டு ஷாக் அப்சார்பர் வேண்டியிருப்பதால் சாமானியர்களுக்கு அது ஆகாத காரியம் என்று முடிந்திருந்தது. முன்னது பாதி உண்மை. பின்னது உண்மையே அல்ல. பின்பகுதியை ஐந்து சென்டிமீட்டர் வரை உயர்த்துவது உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் உதிரிபாகங்களைக் கொண்டே செய்யக்கூடிய வேலைதான். எதை உயர்த்துகிறோம், ஏன் உயர்த்துகிறோம் என்று பார்க்காமல் வேலையைத் தொடங்குவதால்தான் பணமும் போகிறது, வண்டியும் கெடுகிறது. பீனியா தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் வலுவிழந்த என் மைத்துனர், மூன்று சக்கரமாக மாற்றி, கியரைக் கையால் போடும்படி அமைத்த புல்லட்டில்தான் அல்சூரிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வருகிறார். அந்த வண்டியில் செய்த வேலையை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

பட்டறைக்குப் போகும் முன், வண்டியின் எந்தப் பாகம் தட்டுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சற்றுத் தளர்வாகக் குழைத்து, பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலின் கூடு, அதன் கீழ்க் காப்புத் தகடு, சேஸிஸ் எனும் சட்டகத்தின் அடிக்குழாய்கள், சைலன்சர், கால்மிதி ஆகியவற்றின் அடியில் தடவிக் காயவிட வேண்டும். பிறகு வழக்கமாக ஏற்றும் சுமையோடும், பின்னால் உட்காரும் ஆள் இருந்தால் அவரோடும், தட்டுகிற அதே வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால், சுண்ணாம்பு உரிந்திருக்கும் இடமே பதிலைச் சொல்லிவிடும். என் மைத்துனரின் வண்டியில் இரண்டு தடங்கள் கிடைத்தன. ஒன்று, டிஃபரன்ஷியலுக்கு, அதாவது இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டிக்குக் கீழே அடித்திருந்த காப்புத் தகட்டின் முன் விளிம்பில், விரல் அகலத்துக்கு, இரும்பு பளபளக்கும் அளவுக்கு இருந்தது. மற்றொன்று சைலன்சரின் வளைவில், குரோம் பூச்சில் மட்டும் விழுந்த மெல்லிய கீறல்.

இவ்விரண்டும் ஒரே மருந்துக்கு அடங்காதவை. வண்டியில் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் பாகங்கள் ஒரு வகை. ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் பாகங்கள் மற்றொரு வகை. ஆக்சிலும் அதன் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலும் முதல் வகையைச் சேர்ந்தவை என்பதால், ஷாக் அப்சார்பரை எவ்வளவு நீளமாகப் போட்டாலும் அவை தரையிலிருந்து ஒரு நூல்கூட உயர்வதில்லை. அவற்றின் உயரத்தைத் தீர்மானிப்பது டயரின் ஆரம் மட்டுமே. சேஸிஸ், சைலன்சர், கால்மிதி, இருக்கை ஆகியவைதான் சஸ்பென்ஷனை, அதாவது ஸ்பிரிங் அமைப்பை உயர்த்தும்போது உயர்கின்றன. டிஃபரன்ஷியல் தட்டுகிறது என்று முறையிட்டு வருபவருக்கு நீளமான ஷாக் அப்சார்பரை விற்று அனுப்புவது நம் ஊரில் நாள்தோறும் நடக்கிறது. வாங்கியவர் உயர்ந்த இருக்கையோடு வீடு திரும்பி, மறுநாள் அதே வேகத்தடையில் அதே ஓசையைக் கேட்கிறார்.

என் மைத்துனரின் வண்டியில் தட்டியது டிஃபரன்ஷியல்கூட அல்ல. ஆக்சிலுக்கு முன்னால் ஒரு சாண் தூரம் நீட்டிக்கொண்டிருந்த தகடு. பின்சக்கரம் மேட்டில் ஏறத் தொடங்கும் முன்பே அந்த விளிம்பு மேட்டின் மேல் வந்துவிடுகிறது. தகட்டின் முன்பகுதியை வெட்டி, விளிம்பை மேல்நோக்கி வளைத்துப் பொருத்தியதில் முக்கால் பங்கு தொல்லை தீர்ந்தது. இதற்கு ஆன செலவு ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஆகும் செலவைவிட அதிகம் இல்லை.

டயரைப் பெரிதாக்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று சக்கர மாற்றங்களில் பலவற்றில், எளிதில் கிடைக்கிறது என்பதற்காக, ஆட்டோவின் 4.00-8 டயர்களைப் போடுகிறார்கள். விட்டத்தில் நான்கு சென்டிமீட்டர் பெரிய டயரைப் போட்டால் ஆக்சில் இரண்டு சென்டிமீட்டர்தான் உயரும். விட்டம் பத்து விழுக்காடு கூடினால், சக்கரம் சாலையைத் தள்ளும் விசை ஏறக்குறைய அதே அளவு குறையும்; பிரேக்கின் பிடியும் அதே விகிதத்தில் குறையும். விசையை, சங்கிலி ஓடும் பின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களைக் கூட்டிச் சரிசெய்துவிடலாம். பிரேக்குக்கு அப்படி மலிவான வழி இல்லை. எனவே ஒரு படி பெரிய டயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கும் முன்னால் இப்போதுள்ள டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுக் குறைந்த டயரில் வண்டி கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சென்டிமீட்டர் இறங்கி ஓடுவது உண்டு.

இனி ஸ்பிரிங்கின் மேல் இருப்பவற்றை உயர்த்தும் வேலை. வண்டி புதிதாக இருந்தபோது தட்டாமல் இப்போது தட்டுகிறது என்றால், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றினால் பழைய உயரம் திரும்பிவிடும். முதலிலிருந்தே தட்டுகிறது என்றால், ஷாக் அப்சார்பரின் அடியிலுள்ள வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் ஒவ்வொரு படியாகத் திருப்பிப் பார்க்கலாம். இப்படித் திருப்பினால் ஸ்பிரிங் விறைத்துவிடும் என்று பல மெக்கானிக்குகளே சொல்கிறார்கள். அது தவறு. ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் கம்பித் தடிமனையும் சுற்றின் விட்டத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. வளையத்தைத் திருப்புவது வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே மாற்றும். சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஆள் ஏறி உட்கார்ந்தவுடன் அமிழ வேண்டும். அமிழ்வு அதைவிட அதிகமாக இருக்கும்வரை வளையத்தைத் திருப்பலாம். அமிழ்வே இல்லாத அளவுக்கு ஏற்றிவிட்டால் சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமில்லாமல் போய், பின்பக்கம் துள்ளத் தொடங்கும்.

வளையம் போதாதபோதுதான் ஷாக் அப்சார்பரின் நீளத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கையான ஸ்விங் ஆர்ம் சுழலும் முனையிலிருந்து, ஷாக் அப்சார்பரின் கீழ்க்கண், அதாவது அதை மாட்டும் கீழ்த்துளை, 40 சென்டிமீட்டரிலும் ஆக்சில் 50 சென்டிமீட்டரிலும் இருந்தால், ஷாக் அப்சார்பர் 4 சென்டிமீட்டர் நீண்டாலே வண்டி ஆக்சிலுக்கு மேலே 5 சென்டிமீட்டர் உயரும். ஷாக் அப்சார்பர் சாய்ந்து நின்றால் இன்னும் சற்றுக் கூடும். இந்தக் கணக்கைப் போடாமல் ஐந்துக்கு ஐந்து என்று வாங்குபவர்கள் தேவைக்கு மேல் தூக்கிவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். ஜே.சி. சாலையிலும் சிவாஜிநகரிலும் உள்ள உதிரிபாகக் கடைகளில் பல வகை இருசக்கர வாகனங்களின் ஷாக் அப்சார்பர்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, மேல்கண்ணின் நடுவிலிருந்து கீழ்க்கண்ணின் நடுவரை உள்ள நீளம், கண்ணுக்குள் இருக்கும் புஷ் எனும் குழாயின் உள்விட்டம், தண்டு உள்ளே போகும் தூரம் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு, டேப்போடு போய் அளந்து வாங்குவதே முறை. கூடவே ஸ்பிரிங் கம்பியின் தடிமனையும் அளக்க வேண்டும். மற்ற அளவுகள் மாறாமல் கம்பி மட்டும் 7 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டராகத் தடித்தால், விறைப்பு எழுபது விழுக்காடு கூடிவிடும். அந்த ஒரு மில்லிமீட்டரைக் கவனிக்காமல் நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினால், முதுகெலும்பில் வலுவில்லாத ஒருவருக்கு அந்த வண்டி தினசரித் தண்டனையாகிவிடும்.

இதைவிடவும் மலிவான வழி ஒன்று உண்டு. மூன்று சக்கர மாற்றத்தில் ஸ்விங் ஆர்ம் பெரும்பாலும் பட்டறையிலேயே மைல்டு ஸ்டீல் குழாய்களால் புதிதாகச் செய்யப்படுகிறது. எனவே, இருக்கும் ஷாக் அப்சார்பர்கள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை மாற்ற வேண்டியதே இல்லை. ஸ்விங் ஆர்மில் கீழ்க்கண் மாட்டப்பட்டுள்ள பிராக்கெட்டை 4 சென்டிமீட்டர் உயரமாகப் புதிதாக அடித்தால், நீளமான ஷாக் அப்சார்பர் தரும் அதே உயரம் கிடைத்துவிடும். போல்ட்டை ஒரே பக்கம் தாங்கும் பிராக்கெட் கூடாது. இருபுறமும் 6 மில்லிமீட்டர் தகடு வைத்து, நடுவில் கண் உட்கார்ந்து, போல்ட் இரு தகடுகளையும் கடந்து போகும்படி அமைக்க வேண்டும். இரண்டு தகடுகளையும் முன்னும் பின்னும் சரிவான தாங்குதகடுகளால் ஸ்விங் ஆர்மோடு இணைக்க வேண்டும். இடதும் வலதும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பதை வெல்டிங் செய்வதற்கு முன் ஒரு நேரான கம்பியை இரண்டு துளைகளிலும் செலுத்திப் பார்த்துவிட வேண்டும். நல்ல லேத் பட்டறையில் அரை நாள் வேலை இது. இறக்குமதிச் செட்டுக்கு எங்களிடம் கேட்ட விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே என் மைத்துனருக்குச் செலவானது.

மலிவு என்ற பெயரில் செய்யப்படும் மூன்று வேலைகளை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். ஷாக் அப்சார்பரின் கண்ணை அறுத்து நடுவில் துண்டு வைத்து வெல்டு செய்வது முதலாவது. அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் ஆயில் சீலும் கெடும், கண்ணின் வலுவும் போகும். கண்ணுக்குக் கீழே மாட்டும் நீட்டிப்புத் துண்டு இரண்டாவது. இருசக்கர வண்டியில் ஓரளவு தாக்குப்பிடிக்கும் இந்தத் துண்டு, மூன்று சக்கர வண்டியில் நிலைக்காது. வண்டி சாயாமல் திரும்புவதால் வரும் பக்கவாட்டுச் சுமை ஸ்விங் ஆர்மை முறுக்கும்போது, அந்தத் துண்டு நெம்புகோலாகி மாட்டும் போல்ட்டை வளைத்துவிடுகிறது. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையே செருகும் ரப்பர் வளையம் மூன்றாவது. கடைகளில் இதற்குத்தான் விற்பனை அதிகம். பத்துச் சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அது வேலை செய்யவிடாமல் தடுத்தால் விறைப்பு பதினொரு விழுக்காடு கூடும், உயரமும் சற்றுக் கூடும். ஆனால் தடுக்கப்பட்ட சுற்றுக்கு அடுத்த சுற்றில் அழுத்தம் குவிந்து, ஒரு மழைக்காலத்துப் பள்ளத்தில் ஸ்பிரிங் அங்கேயே முறியும்.

சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் கமான் பட்டை எனும் வளைந்த இரும்புப் பட்டை ஸ்பிரிங் வைத்த ஆக்சிலாக இருந்தால், பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ-போல்ட்டால் கட்டுவது சரியான முறைதான். ஒரே கட்டையாக இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. பட்டையைச் சுத்தியலால் அடித்து வளைவைக் கூட்டித் தருபவர்களும் கலாசிபாளையம் பக்கம் இருக்கிறார்கள். அந்த வளைவு சில மாதங்களில் மெல்ல இறங்கிவிடும்.

ஏன் ஐந்து சென்டிமீட்டரோடு நிறுத்த வேண்டும் என்று கேட்பார்கள். பின்பகுதி உயரும்போது வண்டி முழுவதும் முன்னோக்கிச் சாய்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 1.4 மீட்டர் உள்ள வண்டியில் 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் அந்தச் சாய்வு 2 பாகை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அந்த அளவுக்குச் செங்குத்தாகிறது. ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் குறைகிறது. மூன்று சக்கர வண்டியில் இது ஓரளவுக்கு நன்மையே. சாய்க்க முடியாத வண்டியை ஹேண்டிலால் மட்டுமே திருப்ப வேண்டியிருப்பதால் தோள் வலிக்கிறது என்று சொல்பவர்களுக்கு ஹேண்டில் இலகுவாகும். அதே செயலை இன்னும் நீட்டித்தால் நேர்ச்சாலையில் ஹேண்டில் நடுங்கத் தொடங்கும். ஹெட்லைட்டும் அதே 2 பாகை தாழ்வதால் 25 மீட்டர் தொலைவில் வெளிச்சம் முக்கால் மீட்டருக்கு மேல் கீழிறங்கிவிடும். ஒரு திருகைத் திருப்பினால் சரியாகக்கூடிய விஷயம் இது. பலர் அதைச் செய்வதில்லை, இரவில் சாலை தெரியவில்லை என்று பல்பை மாற்றுகிறார்கள். சங்கிலியின் தொய்வையும் மீண்டும் வைக்க வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் சுழலும் முனை, ஆக்சில் ஆகிய மூன்றும் நேர்கோட்டில் வரும் நிலையில்தான் சங்கிலி மிக இறுக்கமாக இருக்கும். அந்த நிலைக்கு வண்டியை அழுத்திப் பிடித்துப் பார்த்தே தொய்வை வைக்க வேண்டும். பின் பிரேக் ஹோஸ் அல்லது கம்பி, சக்கரம் முழுவதும் கீழே தொங்கும் நிலையிலும் இழுபடாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

கவிழும் அபாயத்தைப் பற்றித் தேவைக்கு மேல் பயமுறுத்துபவர்களும் இருக்கிறார்கள், கொஞ்சமும் கவலைப்படாதவர்களும் இருக்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். முன்னால் ஒரே சக்கரம் உள்ள வண்டி கவிழ்வது, முன் சக்கரத்தையும் வளைவின் வெளிப்புறப் பின்சக்கரத்தையும் இணைக்கும் கோட்டின் மேல்தான். பின்சக்கரங்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர் இருந்து, எடையின் மையம் முன் சக்கரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில், தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்குப் பக்கவாட்டில் 30 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அந்த வண்டி ஏறக்குறைய மணிக்கு 36 கிலோமீட்டரில் உள்சக்கரத்தைத் தூக்கத் தொடங்கும். பின்பகுதியை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் எடையின் மையம் மூன்றே சொச்சம் சென்டிமீட்டர் உயர்ந்து, அந்த வேகம் 35-க்குச் சற்றுக் கீழே வருகிறது. குறைவது மணிக்கு ஒரு கிலோமீட்டர் அளவுதான். ஆனால் 36 என்பதே தாழ்ந்த எல்லை என்பதை ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டும். இருசக்கர வண்டியில் பழகியவர் கண்டோன்மென்ட் பக்கத்து வளைவுகளில் அதே வேகத்தில் மூன்று சக்கர வண்டியைத் திருப்பக் கூடாது. பத்து சென்டிமீட்டர் உயர்த்தி, பின்னால் பெட்டியும் வைத்து, அதில் காஸ் சிலிண்டரையும் ஏற்றுபவர்களுக்கு இந்தக் கணக்கு மிக வேகமாக மோசமாகிறது.

இருக்கையின் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். புல்லட்டின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது; சக்கர நாற்காலியின் இருக்கை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். கைகளை ஊன்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவருக்கு ஏற்கெனவே இருக்கும் 30 சென்டிமீட்டர் படியில் மேலும் ஐந்தைக் கூட்டுவது சின்ன விஷயம் அல்ல. இருக்கையின் நுரையைச் சீவிக் குறைப்பதோ, ஏறுவதற்குப் பக்கவாட்டில் ஒரு மடக்குப் பலகை வைப்பதோ இந்த வேலையின் ஒரு பகுதியாகவே திட்டமிடப்பட வேண்டும். பட்டறையில் உயர்த்தித் தருபவர் ஓட்டுபவரை ஒரு முறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்ப்பதே இல்லை.

நம் தெருக்களில் அதிகம் காணப்படுவது புல்லட் மாற்றமல்ல, இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்தான். அதில் வண்டியின் சொந்தப் பின்சக்கரம் நடுவில் அப்படியே இருக்க, இருபுறமும் சேஸிஸிலிருந்து இரண்டு சக்கரங்கள் தொங்குகின்றன. நடுச் சக்கரத்தின் ஷாக் அப்சார்பரை மட்டும் நீளமாக்கினால் வண்டியோடு பக்கச் சக்கரங்களும் மேலே எழுந்து, வண்டி நடுச் சக்கரத்தின் மேல் நின்று இருபுறமும் ஆடும். அதைச் சரிசெய்யப் பக்கச் சக்கரங்களை அளவுக்கு மேல் கீழிறக்கினாலோ, சாக்கடை ஓரத்தைக் கடக்கும்போது நடுச் சக்கரம் தரையைவிட்டு எழும்பி வெறுமனே சுழலும். எஞ்சினின் விசையும் பின் பிரேக்கும் அந்த ஒரே சக்கரத்தில் இருந்தால், அது எழும்பிய கணத்தில் இரண்டும் இல்லை. ஆகவே நடுவில் எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவே பக்கச் சக்கரங்களின் பிராக்கெட்டையும் கீழிறக்க வேண்டும். ஆள் உட்கார்ந்த நிலையில் சமதளத்தில் நடுச் சக்கரம்தான் எடையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும்.

சட்டம் இதில் எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் மாற்றம் என்பது வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாறுதல் என்று 52-ஆம் பிரிவே விளக்கம் தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைத்த வாகனத்துக்கும் அதே 2019 திருத்தம் தனி இடம் கொடுத்திருக்கிறது. இரண்டு சக்கரத்தை மூன்றாக்கியதற்குப் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் பெற்றுப் பதிவுச் சான்றிதழில் ஏற்றியவர், அதன் பிறகு தளர்ந்த ஷாக் அப்சார்பருக்குப் பதிலாகச் சற்று நீளமானதைப் போடுவது அடிப்படை அம்ச மாற்றம் ஆகாது என்றே நான் கருதுகிறேன். முதல் ஒப்புதலே இல்லாமல் ஓடும் வண்டிகளுக்கு இந்த வாதம் உதவாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

என் கருத்தை வைத்து ஒரு மாற்றுத்திறனாளி போக்குவரத்துக் காவலரிடம் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 41-ஆம் பிரிவில், கட்டுப்படியாகும் செலவில் தனிநபர் நடமாட்டத்தை ஊக்குவிக்கும் திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்றும், வாகனங்களை மாற்றியமைப்பது அதில் அடங்கும் என்றும் கூறுகிறது. அதன்படி, கர்நாடகப் போக்குவரத்துத் துறை ஒரே ஒரு பக்க அளவில் ஒரு மாதிரி வரைபடத்தை வெளியிட்டால் போதும்: எந்த வகை மாற்றத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் வரை உயர்த்தலாம், பிராக்கெட்டின் தகடு எத்தனை மில்லிமீட்டர், போல்ட் எந்த அளவு, உயர்த்திய பின் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்திடம் ஒரு முறை சரிபார்த்துவிட்டால், அரசுத் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களே கூலியில்லாமல் செய்து கொடுக்கக்கூடிய வேலை இது.

சாலைக்குப் பொறுப்பானவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டியின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்பு, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்கான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் 17 மீட்டர் ஆரமுள்ள வளைவும் கொண்டிருக்க வேண்டும் என்றது. அந்த வளைவின் மேல், சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் உள்ள வண்டி நின்றால், மேடு வண்டியின் நடுவயிற்றை நோக்கி இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே எழும்பும். அந்த அளவுப்படி போட்ட வேகத்தடையில் எந்த மூன்று சக்கர வண்டியும் தட்டாது. நாம் உயர்த்திக்கொண்டிருப்பது, ஒரே இரவில் ஒரு வண்டி தாரைக் கொட்டி, ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழுப்பிய மேடுகளுக்காகவும், கான்கிரீட் போட்டு உயர்த்திய முக்கியச் சாலையிலிருந்து குறுக்குத் தெருவுக்கு இறங்கும் இடத்தில் சரிவு விடாமல் விட்ட படிகளுக்காகவும்தான்.

ஷாக் அப்சார்பர் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்டைப்பெட்டியின் மேல் வண்டியின் பெயரும் விலையும் அச்சிடும் இடத்தில், கண்ணுக்குக் கண் உள்ள நீளத்தையும், தண்டின் ஓட்டத்தையும், ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஸ்பிரிங்குக்கு எத்தனை கிலோ சுமை வேண்டும் என்பதையும் ஒரே வரியில் அச்சிடுங்கள். ஜே.சி. சாலைக் கடை வாசலில் ஊன்றுகோலை ஒரு கையிலும் டேப்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் முகம் சுளிப்பு வாங்கும் நிலை மற்ற வாடிக்கையாளர்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பராமரிப்புப் பணியாளர்,
அல்சூர், பெங்களூரு.